யூத உயர்நிலைப் பள்ளி என்றால் என்ன? பெர்லின், கிரோசே ஹம்பூர்கர் தெரு, எண் 27

யூத உயர்நிலைப் பள்ளி என்றதும் பலருடைய மனதில் எழும் படம் ஒரு மதப் பாடசாலைதான். கறுப்புத் தொப்பி, தடித்த நூல்கள், விடிந்ததிலிருந்து இரவு வரை வேதம். அப்படிப்பட்ட இடங்களும் உண்டு. அவற்றுக்கு யெஷிவா என்று பெயர். நாம் இங்கே பார்க்கப்போவது வேறு வகை. முதல் மணியில் கணக்கு, இரண்டாவது மணியில் இயற்பியல், மூன்றாவதில் எபிரேய மொழி, அப்புறம் வரலாறு, அப்புறம் யூதர்களின் வேதமான தோரா. கடைசி வருடத்தில் நாட்டின் மற்ற பிள்ளைகள் எழுதும் அதே தேர்வு. தன் சமூகத்தின் படிப்பும் உலகத்தின் படிப்பும் ஒரே கூரையின் கீழ், ஒரே மணிக்கணக்கில்.

இன்று இது சாதாரணமாகத் தெரியலாம். ஒரு காலத்தில் இது பெரிய சண்டைக்குரிய யோசனை. அது எங்கே முளைத்தது, எப்படி வளர்ந்தது, எப்படி நசுக்கப்பட்டது, எப்படித் திரும்பி வந்தது என்பதையெல்லாம் ஒரே ஒரு கட்டடத்தை வைத்துச் சொல்லிவிடலாம். பெர்லினின் நடுப்பகுதியில், கிரோசே ஹம்பூர்கர் தெருவில், 27-ஆம் எண் கட்டடம். இன்று அதன் பெயர் மோசஸ் மெண்டல்சோன் யூத ஜிம்னாசியம். ஜெர்மனியில் ஜிம்னாசியம் என்றால் உடற்பயிற்சிக்கூடம் இல்லை. பல்கலைக்கழகத்துக்குப் போகும் பிள்ளைகளைத் தயார் செய்யும் உயர்நிலைப் பள்ளி. அதன் முடிவில் எழுதும் தேர்வு அபிடூர்.

பெயரில் இருக்கும் மனிதரிடமிருந்து தொடங்குவோம்.

18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் நாடுகளில் ஒரு யூதச் சிறுவனின் படிப்பு ஹெடர் என்ற சிறிய பாடசாலையில் தொடங்கும். கிட்டத்தட்ட நம் திண்ணைப் பள்ளிக்கூடம்போல: ஒரு ஆசிரியர், அவர் வீட்டிலேயே ஓர் அறை, சுற்றி உட்கார்ந்து சத்தம்போட்டு ஓதும் பையன்கள். எபிரேய எழுத்து, தோரா, கொஞ்சம் வளர்ந்ததும் தல்மூத் என்னும் சட்ட விவாத நூல். பத்து வயதுப் பையன் ஆயிரம் வருடத்துக்கு மேல் பழைய வாதங்களைப் பிரித்துப் பேசுவான். ஆனால் ஜெர்மன் எழுத்தில் ஒரு கடிதம் வந்தால் வாசிக்கத் தெரியாது. பூகோளம் கிடையாது, இயற்கை விஞ்ஞானம் கிடையாது. வீட்டில் பேசுவது யூதர்களின் பேச்சுமொழியான இத்திஷ். ஊர்ப் பள்ளிகளோ கிறிஸ்தவப் பள்ளிகள். இந்தப் பக்கம் ஒரு சுவர், அந்தப் பக்கம் ஒரு சுவர்.

மோசஸ் மெண்டல்சோன் இந்த உலகத்தில்தான் பிறந்தார். 1729-ல், டெசாவ் ஊரில். அப்பா தோரா சுருள்களைக் கையால் படியெடுத்து எழுதுபவர்; ஏழைக் குடும்பம். பையனுக்குக் கூன் முதுகு, திக்குவாய். 1743-ல், பதினான்கு வயதில், தன் குரு பெர்லினுக்கு மாற்றலாகிப் போனார் என்பதற்காகத் தானும் பின்னாலேயே பெர்லினுக்குப் போய்ச் சேர்ந்தார். அன்று நகர வாயிலின் பதிவேட்டில் 'ஆறு மாடு, ஏழு பன்றி, ஒரு யூதன் உள்ளே நுழைந்தன' என்று எழுதினார்களாம். இது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. நடந்ததோ இல்லையோ, அன்றைய யூதர்களின் நிலைக்கு அது பொருந்தாமல் இல்லை. யார் நகரத்துக்குள் வசிக்கலாம், என்ன தொழில் செய்யலாம், எத்தனை பிள்ளைகளுக்கு அந்த உரிமையைக் கொடுக்கலாம் என்பதற்கெல்லாம் அரசு விதி வைத்திருந்தது.

பெர்லினில் அவர் ஜெர்மன், லத்தீன், கணிதம், தத்துவம் என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார். பட்டு ஆலை முதலாளி ஒருவர் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தந்தார். பிறகு அந்த ஆலையிலேயே கணக்கர், கடைசியில் பங்குதாரர். பகலில் கணக்கு, இரவில் தத்துவம். 1763-ல் பிரஷ்ய அறிவியல் அகாதமி நடத்திய கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு அவருக்கு. அந்தப் போட்டியில் அவருக்கு அடுத்த இடத்தில் வந்தவர் பெரும் தத்துவ அறிஞரான இமானுவேல் காண்ட். இதையெல்லாம் சாதித்தவர் தினமும் யூத மதக் கடமைகளைத் தவறாமல் செய்துவந்தார். ஒன்றைப் பிடிக்க இன்னொன்றை விட வேண்டியதில்லை என்பதற்கு அவருடைய வாழ்க்கையே சான்றாக நின்றது. அவரைச் சுற்றி வளர்ந்த அறிவு இயக்கத்துக்கு எபிரேயத்தில் ஹஸ்கலா என்று பெயர். அறிவொளி என்று சொல்லலாம்.

அவர் தோராவை ஜெர்மனில் மொழிபெயர்த்தார். ஆனால் அதை எபிரேய எழுத்தில் அச்சிட்டார். மொழி ஜெர்மன், எழுத்து எபிரேயம். ஏன்? ஹெடரில் படித்த பையனுக்கு அந்த எழுத்துத்தான் தெரியும். தெரிந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டே தெரியாத மொழிக்குள் போகட்டும் என்று. எனக்கு இந்த ஒரு விஷயமே அவருடைய மனதைக் காட்டிவிடுகிறது. பிள்ளையை அதன் வீட்டிலிருந்து பிடுங்காமல் வெளியே கூட்டிப் போகும் வழி அது. யூத மதகுருக்களான ரப்பிகளில் சிலர் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். பிள்ளைகள் தோராவை ஜெர்மன் கற்கும் பாடப்புத்தகமாக்கிவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயத்தையும் குறைத்து எண்ணக்கூடாது. சிறிய சமூகத்துக்குத் தன்னுடையது கரைந்துவிடுமோ என்ற கவலை எப்போதும் இருக்கும்.

இந்த யோசனைக்கு ஒரு பள்ளியாக உருக்கொடுத்தவர்கள் டேவிட் ஃப்ரீட்லேண்டரும் ஐசக் டேனியல் இட்ஸிக்கும். 1778-ல் பெர்லினில் தொடங்கிய அதன் பெயர் யூத இலவசப் பள்ளி. ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. ஜெர்மன், ஃபிரெஞ்சு, எபிரேயம், கணக்கு, பூகோளம் எல்லாம் உண்டு. ஜெர்மனியில் இந்த மாதிரியில் எழுந்த முதல் யூதப் பள்ளி இதுதான். அடுத்த வருடமே யூதப் பிள்ளைகளுக்கென்று ஒரு ஜெர்மன் வாசிப்புப் புத்தகம் அச்சாயிற்று. அதில் மெண்டல்சோனின் பங்கும் இருந்தது.

பிற்பாடு, லாசரஸ் பெண்டாவிட் என்ற தத்துவ அறிஞர் தலைமை ஆசிரியராக இருந்த காலத்தில், கிறிஸ்தவப் பிள்ளைகளும் அங்கே சேர்ந்து படித்தார்கள். அடுத்தடுத்து உட்கார்ந்து ஒரே பாடம். 1819-ல் அரசு அதைத் தடை செய்தது. கிறிஸ்தவப் பிள்ளைகள் யூதப் பள்ளியில் படிக்கக்கூடாது என்று உத்தரவு. சில வருடங்களில் அந்தப் பள்ளியும் மூடப்பட்டது.

1826-ல் பெர்லின் யூதச் சமூகம் தன் பொறுப்பில் ஓர் ஆண்பிள்ளைகள் பள்ளியைத் தொடங்கியது. முதல் தலைமை ஆசிரியர் லியோபோல்ட் ஸுன்ஸ். யூத வரலாற்றையும் இலக்கியத்தையும் நவீன ஆய்வு முறையில் படிக்க வழிகாட்டியவர் அவர். 1863-ல் பள்ளி கிரோசே ஹம்பூர்கர் தெருவுக்கு வந்தது. பிள்ளைகள் கூடக்கூட இடம் போதாமல், பழைய கட்டடத்தை எடுத்துவிட்டு 1906-ல் இப்போது நிற்கும் கட்டடத்தைக் கட்டினார்கள். வரைபடம் போட்டவர் யோஹான் ஹோனிகர். பெர்லினின் ரைக்கே தெருவில் இருக்கும் பெரிய யூத ஜெபாலயமும் அவர் கட்டியதுதான். வாசலுக்கு மேலே கல்லில் ஜெர்மன் எழுத்து: 'யூதச் சமூகத்தின் ஆண்பிள்ளைகள் பள்ளி'. முன்தோட்டத்தில் மெண்டல்சோனின் மார்பளவு சிலை.

பள்ளி வளாகம் என்று சொன்னால் அந்தத் தெருவையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சிறிய தெரு. பள்ளிக்குப் பக்கத்தில், 26-ஆம் எண்ணில், யூத முதியோர் இல்லம் இருந்தது. அதன் பின்புறம் பெர்லினின் மிகப் பழைய யூதக் கல்லறைத் தோட்டம். 1672-லிருந்து 1827 வரை அங்கே அடக்கம் செய்தார்கள். மெண்டல்சோன் 1786-ல் இறந்தபோது அங்கேதான் புதைத்தார்கள். தன் பெயர் தாங்கிய பள்ளிக்குப் பக்கத்து மனையிலேயே தூங்குகிறார். அதே தெருவில் புராட்டஸ்டண்ட் சோஃபியா தேவாலயமும் கத்தோலிக்கர்களின் புனித ஹெட்விக் மருத்துவமனையும் இருக்கின்றன. மூன்று சமயத்தார் ஒரே தெருவில் தோளுரசி வாழ்ந்ததால் சகிப்புத்தன்மைத் தெரு என்றும் அதைச் சொல்வதுண்டு. (1964 செப்டம்பரில் மார்ட்டின் லூதர் கிங் கிழக்கு பெர்லினுக்கு வந்தபோது பேசிய இடங்களில் ஒன்று அந்த சோஃபியா தேவாலயம்.)

1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது பெர்லினில் சுமார் 1,60,000 யூதர்கள் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தங்கள் பிள்ளைகளைச் சாதாரண அரசுப் பள்ளிகளுக்குத்தான் அனுப்பினார்கள். யூதப் பள்ளி என்ற தனி ஏற்பாடே இனித் தேவையில்லை என்று நினைத்தவர்கள் ஏராளம். ஏப்ரல் 1933-ல் சட்டம் வந்தது: உயர்நிலைப் பள்ளிகளில் புதிதாகச் சேர்பவர்களில் யூதர்கள் 1.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. சட்டம் ஒரு பக்கம். வகுப்பறை இன்னொரு பக்கம். நேற்றுவரை பக்கத்தில் உட்கார்ந்தவன் இன்று தள்ளி உட்கார்ந்தான். 'இனவியல்' பாடத்தில் யூதப் பிள்ளையைக் கரும்பலகை முன்னால் நிறுத்தி மூக்கையும் தலையையும் சுட்டிக்காட்டிய ஆசிரியர்கள் இருந்தார்கள்.

பிள்ளைகள் கிரோசே ஹம்பூர்கர் தெருவுக்கு ஓடிவந்தார்கள். இரண்டு வருடத்துக்குள் மாணவர் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. பெண்பிள்ளைகளும் சேர்ந்து படித்தார்கள். அரசு வேலையிலிருந்து துரத்தப்பட்ட யூத ஆசிரியர்கள் யூதப் பள்ளிகளுக்கு வந்தார்கள். அதனால் பெர்லினின் மிகச் சிறந்த ஆசிரியர்களில் சிலர் அந்த நெரிசலான வகுப்பறைகளில் நின்று பாடம் எடுத்தார்கள். பாடத்திட்டமும் மாறியது. நாட்டை விட்டுப் போக வேண்டியிருக்கும் என்று தெரிந்துவிட்டது. ஆகவே ஆங்கிலம், நவீன எபிரேயம், கைத்தொழில். போன வாரம் வந்த பிள்ளை இந்த வாரம் வராது. யாரும் என்னவென்று கேட்கமாட்டார்கள். விசா கிடைத்திருக்கும்.

1938 நவம்பரில் நாஜிகள் யூத ஜெபாலயங்களை எரித்த சில நாட்களில், அரசுப் பள்ளிகளில் மிச்சமிருந்த யூதப் பிள்ளைகளையும் வெளியேற்றினார்கள். டிசம்பரில் சிறுவர் ரயில்கள் புறப்பட்டன. சுமார் 10,000 பிள்ளைகள், பெரும்பாலும் பெற்றோர் இல்லாமல், பிரிட்டனுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மீதி இருந்த பிள்ளைகள் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தார்கள். ஒரு கட்டத்துக்கு மேல் பூங்காவுக்குப் போகக்கூடாது, திரையரங்குக்குப் போகக்கூடாது, சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் தைக்க வேண்டும். அந்த நாட்களில் அவர்களுக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருகை எடுக்கும் இடம் என்று இருந்தது இந்தப் பள்ளி ஒன்றுதான். ஒரு பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

1942-ன் முதல் பாதியில் கட்டடத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். அந்த வருடம் ஜூன் 30-ஆம் தேதியோடு ஜெர்மனியின் எல்லா யூதப் பள்ளிகளையும் மூடச் சொல்லி உத்தரவு வந்தது. பிறகு நடந்ததைச் சொல்வது கடினம். பக்கத்து முதியோர் இல்லத்திலிருந்த முதியவர்களை வண்டியேற்றி அனுப்பிவிட்டு, நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ அந்த இடத்தை நாடுகடத்தல் முகாமாக்கியது. பள்ளிக் கட்டடமும் அந்த முகாமுக்குப் போனது. ஜன்னல்களுக்குக் கம்பி. நகரின் பல பகுதிகளிலிருந்து பிடித்துவந்தவர்களை இங்கே அடைத்துவைத்து, பெயர்ப் பட்டியல் சரிபார்த்து, ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து நாஜி வதைமுகாம்களான தெரேசியன்ஸ்டாட், ஆஷ்விட்ஸ். கொஞ்ச நாள் முன்னால் வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிடப்பட்ட பிள்ளைகளில் பலர், அதே தெருவில் இன்னொரு பட்டியலுக்காகப் பெயர் கூப்பிடப்பட்டார்கள்.

செத்தவர்களையும் விடவில்லை. 1943-ல் கெஸ்டபோவின் உத்தரவின்பேரில் பின்புறக் கல்லறைத் தோட்டத்தின் குறுக்கே பதுங்குகுழி வெட்டினார்கள். பக்கச் சுவர் சரியாமல் இருக்கக் கல்லறைக் கற்களையே முட்டுக் கொடுத்தார்கள். போரின் கடைசி நாட்களில் பெர்லினில் மடிந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை அதே மண்ணில் கூட்டாகப் புதைத்தார்கள். முதியோர் இல்லம் குண்டுவீச்சில் போனது. மெண்டல்சோனின் சிலையை அதற்கு முன்பே நாஜிகள் உடைத்துவிட்டிருந்தார்கள். பள்ளிக் கட்டடம் தப்பித்தது.

முதியோர் இல்லம் இருந்த இடம் இன்றும் காலியாகத்தான் இருக்கிறது. அங்கே ஒரு நினைவுக்கல். கைக்குழந்தை முதல் முதியவர் வரை 55,000 பெர்லின் யூதர்கள் ஆஷ்விட்ஸுக்கும் தெரேசியன்ஸ்டாட்டுக்கும் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டார்கள் என்று சொல்லி, அதை ஒருபோதும் மறக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறது. பக்கத்தில் வில் லாமெர்ட் செய்த வெண்கல உருவங்கள், 1985-ல் வைத்தவை: மெலிந்து நெருங்கி நிற்கும் பெண்கள். பார்ப்பவர்கள் அவர்கள் காலடியில் சிறு சிறு கற்களை வைத்துவிட்டுப் போகிறார்கள். யூதர்கள் கல்லறையில் பூ வைப்பதில்லை, கல் வைப்பார்கள். வந்து பார்த்தேன் என்பதற்கு அடையாளம். மெண்டல்சோனுக்கும் அங்கே ஒரு கல்லறைக் கல் உண்டு. அது பிற்காலத்தில் வைத்தது.

போருக்குப் பின் நகரம் இரண்டானது. தெரு கிழக்கு பெர்லினில் விழுந்தது. பள்ளிக் கட்டடத்தில் ஒரு தொழிற்பள்ளி நடந்தது. 1983-ல் மெண்டல்சோனின் முகம் பதித்த நினைவுப் பலகை சுவரில் ஏறியது. ஆனால் கிழக்கு பெர்லினில் யூதச் சமூகத்தில் பதிவானவர்களே அப்போது சில நூறு பேர்தான். யூதப் பள்ளியை யாருக்காகத் திறப்பது?

பெர்லின் சுவர் விழுந்தது. சோவியத் யூனியன் உடைந்தது. 1990-களில் அங்கிருந்து யூதக் குடும்பங்கள் பெருமளவில் ஜெர்மனிக்குக் குடிவந்தன. 1993-ல் அந்தக் கட்டடத்தில் மறுபடி மணி அடித்தது. சேர்ந்த மாணவர்கள் 27 பேர். சில மாடிகள் உயர்ந்த, ஆயிரம் பிள்ளைகள் நிறைந்திருந்த கட்டடத்துக்குள் 27 பிள்ளைகள். பின்னர் எண்ணிக்கை சில நூறாக வளர்ந்தது. 2012-ல் மோசஸ் மெண்டல்சோன் பெயரை அதிகாரபூர்வமாகச் சூட்டினார்கள். வீட்டில் ரஷ்ய மொழி பேசும் பிள்ளைகள், ஜெர்மன் பேசும் பிள்ளைகள், எபிரேயம் பேசும் பிள்ளைகள் எல்லாரும் படிக்கிறார்கள். யூதர் அல்லாத பிள்ளைகளும் சேரலாம், சேர்கிறார்கள். ஆனால் எபிரேயமும் யூத சமயப் பாடமும் எல்லாருக்கும் உண்டு. 1819-ல் உத்தரவு போட்டு நிறுத்தியது இப்போது வழக்கமான நடைமுறை.

சரி, மற்றப் பள்ளிகளிலிருந்து இப்படியொரு யூதப் பள்ளி அன்றாடத்தில் எப்படி வேறுபடும்? முதலில் நாட்காட்டி. யூத நாட்காட்டி சந்திரனைப் பின்பற்றுகிறது. பருவங்களோடு ஒத்துப்போக 19 வருடத்தில் 7 தடவை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்ப்பார்கள். எனவே பண்டிகைகள் வருடாவருடம் ஆங்கிலத் தேதியில் நகரும். புத்தாண்டான ரோஷ் ஹஷானாவும் அடுத்து வரும் பண்டிகைகளும் செப்டம்பர், அக்டோபரில் வந்து விழும்; பள்ளி திறந்து கொஞ்ச நாளில் தொடர்ச்சியாக விடுமுறைகள். இதையெல்லாம் அரசுப் பாடத்திட்டத்தின் மணிக்கணக்கோடு பொருத்துவது சின்ன வேலையில்லை. வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்ததும் ஓய்வுநாளான ஷபாத் தொடங்கிவிடும். டிசம்பரில் பெர்லினில் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது. அதற்குள் பிள்ளைகள் வீடு போய்ச் சேர வேண்டும் என்றால் பள்ளி எப்போது விட வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். உணவு கோஷர் விதிப்படி: இறைச்சியும் பாலும் ஒரே வேளையில் சேராது.

இன்னொன்று, வயது. யூத மரபில் ஆண்பிள்ளைக்கு 13 வயதிலும் பெண்பிள்ளைக்கு 12 வயதிலும் மதக் கடமைகளின் பொறுப்பு தன் தலையில் வந்துவிடுகிறது. பார் மிட்ஸ்வா, பாத் மிட்ஸ்வா என்பது அந்தச் சடங்கு. அதாவது உயர்நிலைப் பள்ளியில் நுழைந்த கையோடு. 'நான் யார்' என்று பிள்ளை கேட்கத் தொடங்கும் அதே வயதில், அந்தக் கேள்வியை அதோடு உட்கார்ந்து பேசப் பள்ளி இருக்கிறது. யூத உயர்நிலைப் பள்ளிக்கு இத்தனை முக்கியத்துவம் இருப்பதற்கு இதுவே பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

இதே வகையில் வேறு ஊர்களிலும் பள்ளிகள் உண்டு. லண்டனின் ஜே.எஃப்.எஸ். (யூதர்களின் இலவசப் பள்ளி என்பதன் சுருக்கம்) 1732-ல் வேரூன்றியது. இன்றைய இஸ்ரேலில் உள்ள யாஃபாவில் 1905-ல் தொடங்கிய ஹெர்ஸ்லியா ஜிம்னாசியம் எல்லாப் பாடங்களையும் எபிரேயத்திலேயே நடத்திய முதல் உயர்நிலைப் பள்ளி. நம் நாட்டில் கொல்கத்தாவின் யூதப் பெண்கள் பள்ளி 1881-ல் தொடங்கியது. யூதக் குடும்பங்கள் வெளிநாடு போய்விட, இன்று அங்கே படிப்பவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் பெண்பிள்ளைகள். யூதச் சமூகம் அந்தப் பள்ளியை மூடிவிடவில்லை.

பெர்லினுக்குத் திரும்புவோம். பள்ளி முன்னால் உயரமான வேலி, காமிரா, நாள் முழுவதும் போலீஸ் காவல். பிள்ளைகள் படிக்கும் இடத்துக்கு இப்படிக் காவல் தேவைப்படுகிறதே என்று மனம் கசக்கிறது, ஆனால் தேவைப்படுகிறது. காலையில் அந்த வேலியைத் தாண்டி, மெண்டல்சோனின் பலகையைத் தாண்டி, முதுகில் பையோடு பிள்ளைகள் ஏறிப் போகிறார்கள். வாசலுக்கு மேலே கல்லெழுத்தை யாரும் மாற்றவில்லை. 'யூதச் சமூகத்தின் ஆண்பிள்ளைகள் பள்ளி' என்றுதான் இன்னும் இருக்கிறது. அதன் கீழே பெண்பிள்ளைகளும் போகிறார்கள், யூதர் அல்லாத பிள்ளைகளும் போகிறார்கள், முதல் மணிக் கணக்குப் பாடத்துக்கு.